மழலையர் முதுகெலும்பைக் காத்த மாமேதை டாக்டர் சுப்பாராவ்

செஞ்சிக்குப் பெருமை தேடித் தந்தவர்கள் என்றால், கோட்டை கட்டியவர்களும் அக்கோட்டைக்காகக் குருதி சிந்தியவர்களுமே நம் நினைவுக்கு வருவர். இராசகிரியின் உச்சியை அண்ணாந்து நோக்கும் எவர்க்கும், 1714ஆம் ஆண்டில் இளம் வயதிலேயே களத்தில் வீழ்ந்த தேசிங்குராசன் நினைவு எழாமல் இராது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் காலப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மராட்டிய மாநிலத்துக்கு வெளியே அந்தச் சிறப்பைப் பெற்ற ஒரே கோட்டை நம் செஞ்சிக் கோட்டையே. வாளேந்திய வீரரைப் பாடுவது நம் மரபு. வாளேந்தாமல் சோதனைக் குழாயை ஏந்திப் போராடிய வீரரும் உலகில் உண்டு. அவர்கள் காத்த உயிர்களின் எண்ணிக்கை எந்தப் படைத்தலைவனும் காத்த உயிர்களின் எண்ணிக்கையை விட மிகுதி. அத்தகையோருள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் பெயரை அறிந்தவர் நம்மில் சிலரே. ஆயினும் அவரது உழைப்பின் பயன் எட்டாத ஊர் இல்லை எனலாம். பேறுகாலத்தில் கிராம செவிலியர் தரும் சத்து மாத்திரையிலும், யானைக்கால் நோய் பரவாதிருக்க நம் மக்கள் விழுங்கிய மாத்திரையிலும், இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைக்குத் தரப்படும் மருந்திலும் அவரது உழைப்பு கலந்திருக்கிறது.

அப்பெருமகனாரின் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறுவதும், அவரது குழுவினர் ஆக்கித் தந்த ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து ஒரு கொடிய பிறவிக் குறையைத் தடுக்க எவ்வாறு உதவுகிறது என்பதை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். முதுகுத்தண்டு மூடாமலும் மூளை வளராமலும் சில குழந்தைகள் பிறக்கின்றன. இதற்குக் கிரகணத்தைக் காரணம் சொல்வோர் இன்றும் உளர். பெற்றவள் செய்த பாவம் என்று கூசாமல் சொல்வோரும் உளர். குழந்தையை இழந்து நிற்கும் தாயின் தலையில் பழியையும் சுமத்துவது எத்துணைக் கொடுமை! உண்மையான காரணங்களைக் கற்றவராகிய நாமேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

இளமைப் பருவம்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் செகந்நாதம், தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவருள் இவர் நான்காமவர். தந்தையார் வருவாய்த் துறையில் சிறு பணியில் இருந்தவர். உடல்நலம் குன்றியதால் அவர் பணியை விட்டு விலக நேர்ந்தது. குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்ப்பது என்று முடிவு செய்து வீட்டைவிட்டு ஓடினான். தாயார் விடவில்லை. தேடிப் பிடித்து வரச்செய்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். தந்தையார் மறைந்தபின், தம் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தவரும் அந்த அன்னையே. மெட்ரிகுலேசன் தேர்வில் சுப்பாராவ் இருமுறை தவறினார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறினார். பிற்காலத்தில் உலகம் போற்றும் உயிர்வேதியியல் அறிஞராகத் திகழ்ந்தவர் பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை வீழ்ந்தவர் என்பது, தேர்வில் தவறி மனம் சோரும் நம் தோழர்களுக்கு ஆறுதல் அளிக்கும் செய்தியாகும்.

சென்னையில் கல்வியும் சோதனையும்

பின்னர் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே துறவு வாழ்வில் நாட்டம் ஏற்பட்டு, இராமகிருஷ்ண மடத்தில் சேர விழைந்தார். தாயார் இசையவில்லை. துறவியாகாமலே மக்களுக்குத் தொண்டு செய்ய மருத்துவம் சிறந்த வழி என்ற எண்ணம் உருவாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாராகிய கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிப்புக்குப் பொருளுதவி செய்தனர். 1919ஆம் ஆண்டில் மூர்த்தியின் மகள் சேஷகிரியை மணந்தார்.

அது காந்தியடிகளின் அறைகூவல் நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் கதராடை பூண்டார். அறுவை மருத்துவ அறையிலும் கதரால் ஆன மேலங்கியையே அணிந்து சென்றார். அறுவைத் துறைப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் பிராட்ஃபீல்டு இதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. மாகாண மருத்துவப் பணியில் சேர அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணியேற்றார்.

இக்காலத்திலேதான் அவர் வாழ்வைத் திசைதிருப்பிய துயரம் நிகழ்ந்தது. அண்ணன் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் கொன்றது ஸ்ப்ரூ எனப்படும் குடல் நோய். உண்ட உணவிலுள்ள சத்தைக் குடல் ஏற்காமல் வெளியேற்றிவிட, நோயாளி நாளடைவில் இரத்தம் வற்றி மெலிந்து மடிவது அந்நோயின் இயல்பு. சுப்பாராவையும் அது பற்றியது. லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் பிழைத்தெழுந்தார். உடன்பிறந்தார் இருவரைக் காக்க மருத்துவம் கற்ற தம்மால் இயலவில்லை; நோயின் காரணமும் எவர்க்கும் தெரியவில்லை. காரணம் அறியாத மருத்துவம் இருட்டில் எறிந்த கல் போன்றது என்று உணர்ந்தார். நோய்களுக்கு மருந்து காணும் ஆராய்ச்சியே தம் வாழ்வுப்பணி எனத் துணிந்தார். அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய வசதி அன்று கடலுக்கு அப்பால் இருந்தது.

கடல் கடந்த வாழ்வு

மாமனார் தந்த உதவியோடும், காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் ஆதரவோடும் அவர் புறப்பட்டார். 1923ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரை அடைந்தபோது, அவரிடம் கல்விக்கட்டணம் போக மிஞ்சிய பொருள் மிகச் சொற்பம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பகலில் பயின்றார். இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலை செய்து வயிறு வளர்த்தார். தாயகத்தில் மருத்துவராக வாழக்கூடியவர் அங்கே கடைநிலை ஊழியராக உழைத்தார். அவர் கடல் கடந்தபின் பிறந்த ஆண்குழந்தை சிசுப்பருவத்திலேயே இறந்துபோயிற்று. தம் குழந்தையின் முகத்தை அவர் ஒருமுறையேனும் கண்டதில்லை. மூன்றாண்டில் திரும்புவதாக எண்ணிச் சென்றவர் பின்னர் தாயகம் திரும்பவேயில்லை. மனைவியார் சேஷகிரி இந்தியாவிலேயே தனித்து வாழ்ந்தார். ஒரு மேதையின் வெற்றிக்கு வீட்டிலிருந்த பெண் கொடுத்த விலையையும் நாம் மறத்தல் ஆகாது.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு இணைந்து அவர் செய்த ஆய்வுகள் உயிர்வேதியியலில் அழியாப் புகழ் பெற்றன. இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்க 1925இல் இருவரும் வகுத்த முறை, ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரால் பாடநூல்களில் இடம்பெற்றது. வேதியியல், விலங்கியல் பயிலும் மாணவர் பலர் பெயரளவிலேனும் இதனை அறிந்திருப்பர். தசையில் ஆற்றல் சேமிக்கப்படும் பாஸ்போகிரியாட்டினை 1927இல் கண்டறிந்தனர். உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏ.டி.பி. என்ற பொருளையும் அவ்விருவர் தசையிலிருந்து பிரித்து 1929இல் வெளியிட்டனர். அதே ஆண்டு செருமனியிலும் லோமன் என்பவர் அதனைத் தனியே கண்டார். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். இத்தனைக்குப் பின்னும் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. 1940ஆம் ஆண்டு அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

சென்னைக்கு வந்த லூசி வில்ஸ்

சுப்பாராவ் தாயகத்தை விட்டுச் சென்ற சில ஆண்டுகளில், அவரது வாழ்நாள் ஆராய்ச்சிக்கு அடித்தளமான உண்மை ஒன்று நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டது. அதனைக் கண்டவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர். 1888இல் பிறந்த அவர், 1928ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடுமையான சோகை கண்டு இறந்துகொண்டிருந்தனர். ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் இருந்து அவர் இதன் காரணத்தைத் தேடினார். கிருமியே காரணம் என்று கருதியோர் இருந்தனர். அவரோ அப்பெண்களின் அடுக்களையை ஆராய்ந்தார்; அவர்கள் உண்ட உணவையே எலிகளுக்கும் பின்னர் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். குறை உணவில்தான் இருந்தது. ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் மலிவான சாரம் ஒன்றைக் கொடுத்ததும் சோகை விரைவாக நீங்கியது. இச்செய்தி 1931இல் வெளியாயிற்று.

இதனிடையே 1929இல் அவர் நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னையில் சாதி-கோஷா மருத்துவமனை என அன்று வழங்கிய மகளிர் மருத்துவமனையிலும் பணியாற்றினார். அதுவே இன்றைய கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை. சுப்பாராவ் பயின்ற பள்ளியும் மாநிலக் கல்லூரியும் அதே திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பகுதியில் உள்ளவையே. ஒருவர் விட்டுச் சென்ற தெருக்களில் மற்றவர் வந்து உழைத்தார். ஈஸ்ட்டிலும் ஈரலிலும் மறைந்திருந்த அந்தப் பெயரறியாப் பொருளை அறிவுலகம் வில்ஸ் காரணி என்று அழைத்தது.

இலையின் பெயரால் ஓர் உயிர்ச்சத்து

பத்தாண்டுகளுக்குப்பின், 1941இல், அமெரிக்காவின் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் கீரையை அரைத்து வடித்து, அதிலிருந்து இதே சத்தைச் சிறிதளவு பிரித்தனர். இலத்தீன் மொழியில் ஃபோலியம் என்றால் இலை. ஆதலின் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கீரை உண்ணச் சொன்ன நம் பாட்டிமார் அறிவியல் அறியாதவர் அல்லர் என்பதற்கு இப்பெயரே சான்று.

கீரையை டன் கணக்கில் அரைத்தால் உலகுக்கெல்லாம் மருந்து கிட்டாது. அப்பொருளின் அமைப்பை அறிந்து, அதனைத் தொழிற்கூடத்தில் செயற்கையாக ஆக்கியாக வேண்டும். ஈரலிலிருந்து சோகைக்கு மருந்து காணும் முயற்சியில் ஹார்வர்டிலேயே ஈடுபட்டிருந்த சுப்பாராவ், லெடர்லியில் இதற்கென ஒரு பெரும் குழுவைத் திரட்டினார். ஸ்டோக்ஸ்டாடு என்பவர் ஈரலிலிருந்து தூய பொருளைப் பிரித்தார். ஆங்கியர் முதலான வேதியியலார் 1945ஆம் ஆண்டு அதனைச் செயற்கை முறையில் ஆக்கி அறிவித்தனர். குழுவின் தலைவர் சுப்பாராவ். எனினும் புகழைத் தமக்கெனத் தேடாமல் உடன் உழைத்தோர் பெயர்களையே முன்னிறுத்துவது அவர் இயல்பு. அவர் பெயரை உலகம் அதிகம் அறியாமற்போனதற்கு அந்த இயல்பும் ஒரு காரணமாகும்.

அம்மருந்து முதலில் தீர்த்த நோய்களுள் ஒன்று எது தெரியுமா? சுப்பாராவின் அண்ணனையும் தம்பியையும் கொண்டுபோன அதே ஸ்ப்ரூ நோய்தான். ஸ்பைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கியூபா நாட்டு நோயாளிகளுக்கு இதனை அளித்தபோது, படுத்த படுக்கையாயிருந்தோர் எழுந்து உணவு கேட்டனர். சென்னையில் தொடங்கிய தேடல் இவ்வாறு நிறைவேறியது.

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் 1947இல் அவரது ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. டெட்ராசைக்ளின் இனத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசினும் அவர் தலைமையில் டக்கர் என்ற முதிய தாவரவியலாரால் கண்டறியப்பட்டது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் பணியைத் தடுக்கும் அமினோப்டெரின் போன்ற எதிர்ப்பொருள்களையும் அவர் குழு ஆக்கியது. பாஸ்டன் மருத்துவர் ஃபார்பர் அதனைக் கொண்டு, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் நோயை முதன்முறையாகத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டினார். அச்செய்தி 1948 சூன் திங்களில் வெளியாயிற்று. அடுத்த இரு திங்களுக்குள், ஆகஸ்டு 8ஆம் நாள், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெறும் வாய்ப்பு வந்தபின்னும் அதனை ஏற்காமல் இந்தியராகவே மறைந்தார். அவரது நூற்றாண்டில், 1995இல், இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

இருபத்தெட்டு நாட்கள்

மேதை மறைந்தார்; அவர் தந்த உயிர்ச்சத்தின் வரலாறு தொடர்ந்தது. அதன் மிகப்பெரிய பயனை அவரே அறிந்திலர். அதனை அறிய, கரு வளரும் முறையைச் சற்று நினைவுகூர வேண்டும்.

விலங்கியல் ஆய்வகத்தில் 24 மணி, 33 மணி நேரக் கோழிக் கருவின் கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கருவின் முதுகுப்புறத்தில் முதலில் தட்டையான நரம்புத் தட்டு தோன்றுகிறது. அதன் இரு ஓரங்களும் மடிந்தெழுந்து, ஒன்றையொன்று நெருங்கி, நடுவில் கூடி ஒரு குழலாகின்றன. இதுவே நரம்புக்குழல். இதன் முன்பகுதி மூளையாகவும் பின்பகுதி தண்டுவடமாகவும் வளர்கின்றன. குழலின் இரு முனைகளும் கோட்டையின் இரு வாயில்களைப் போல இறுதியில் மூடிக்கொள்கின்றன. மனிதக் கருவில் இவ்வளவும் கருத்தரித்த 28 நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடும்.

மேல்வாயில் மூடாவிடில் மூளையும் மண்டையோடும் உருவாவதில்லை. அக்குழந்தை இறந்தே பிறக்கும். அன்றிப் பிறந்த சில மணிகளில் அல்லது நாட்களில் இறக்கும். முதுகுப் பகுதி மூடாவிடில் தண்டுவடம் வெளியே தெரியுமாறு பிளவு நிற்கும். இதனை ஸ்பைனா பிஃபிடா என்பர். இத்தகைய குழந்தைகள் அறுவை மருத்துவத்தால் பிழைத்தாலும், பலர்க்குக் கால்கள் செயலற்றுப் போகின்றன, சிறுநீர் கட்டுப்படுவதில்லை, தலையில் நீர் கோத்துக்கொள்கிறது.

இருபத்தெட்டு நாள் என்பதை எண்ணிப் பாருங்கள். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அப்போதுதான் ஐயுறத் தொடங்குகின்றனர். மருத்துவமனைக்குச் சென்று பெயர் பதியும்போது கோட்டைக் கதவு என்றோ மூடியிருக்கும். அல்லது மூடாமலே நின்றுபோயிருக்கும்.

காரணம் வெளிப்பட்ட வரலாறு

நரம்புக்குழல் மூடும் வேளையில் கருவின் உயிரணுக்கள் மிக விரைந்து பெருகுகின்றன. ஒவ்வோர் உயிரணுவும் பிரியும்போது டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளைப் புதிதாக ஆக்கியாக வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. புற்றுநோயணுக்களை அடக்க அதன் எதிர்ப்பொருள் பயன்பட்டதும் இக்காரணத்தாலேயே. 1952இல் தியர்ஷ் என்ற ஆய்வாளர், அமினோப்டெரினைக் கருவுற்ற பெண்களுக்குக் கருக்கலைப்புக்காகக் கொடுத்ததையும், கருவிலிருந்த சில சிசுக்கள் ஊனமுற்றதையும் வெளியிட்டார். சுப்பாராவ் குழுவினரின் மருந்தும் அதன் எதிர்ப்பொருளும் ஒரே உண்மையை இரு திசையிலிருந்து காட்டின.

1965இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் எலிசபெத் ஹிப்பர்டு, ஸ்மித்தெல்ஸ் என்ற இரு மருத்துவர்கள், ஊனமுற்ற குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிடம் ஃபோலிக் சத்தின் குறை மிகுந்திருப்பதாக எழுதினர். ஸ்மித்தெல்ஸ் 1980இல், கருத்தரிக்கும் முன்பே உயிர்ச்சத்துகளை உட்கொண்ட பெண்களிடையே இக்குறை மிகவும் குறைந்ததைக் காட்டினார். ஆயினும் ஐயம் கொண்டோர் பலர். அந்த ஐயத்தை நீக்க, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளின் 33 மையங்களில் பேராய்வு ஒன்றை நடத்தியது. முன்னர் ஒருமுறை இத்தகைய குழந்தையைப் பெற்ற 1817 பெண்கள் அதில் பங்கேற்றனர். 1991இல் கணக்கெடுத்தபோது, குறையுள்ள கருக்கள் 27இல், ஃபோலிக் அமிலம் உட்கொண்டோரிடம் 6; உட்கொள்ளாதோரிடம் 21. பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் ஒருசாராருக்கு மருந்து தராதிருத்தல் அறமன்று எனக் கருதி ஆய்வை இடையிலேயே நிறுத்தினர். இதே காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டில் நடத்திவந்த ஆய்வும் அதனையொட்டி முன்னதாகவே முடிக்கப்பட்டது.

முன்பு இக்குறை நேராத பெண்களுக்கும் இது உதவுமா? 1992இல் அங்கேரி நாட்டின் சைசெல் இதற்கு விடை தந்தார். உயிர்ச்சத்துகள் உட்கொண்ட 2104 பெண்களில் ஒருவர்க்கும் இக்குறை நேரவில்லை. மற்றச் சாராரான 2052 பேரில் அறுவர்க்கு நேர்ந்தது. 1998 முதல் அமெரிக்காவில் மாவில் ஃபோலிக் அமிலம் கலப்பது கட்டாயமாயிற்று.

ஏனைய காரணிகள்

ஃபோலிக் சத்துக் குறைவு ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. மரபுக் கூறுகளும் உண்டு. ஒருமுறை இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்க்கு அடுத்த கருவிலும் அது நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று. நெருங்கிய உறவில் மணம் செய்வோரிடை இது சற்று மிகுதி எனத் தென்னிந்திய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது வழக்கமான நம் தமிழகத்தில் இது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தாயின் நீரிழிவு நோய் கருத்தரிக்கும்போது கட்டுப்படாமல் இருந்தால் ஆபத்து கூடும். மிகு உடற்பருமனும், கருவின் தொடக்க வாரங்களில் வரும் கடுஞ்சுரமும் அவ்வாறே. வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட் மருந்தை உட்கொள்ளும் பெண்களிடையே ஸ்பைனா பிஃபிடா நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை காணப்படுகிறது. கார்பமசெபினும் அந்த ஆபத்தைக் கூட்டுவதே. இதற்காக வலிப்பு மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் அதைவிடக் கேடு. திருமணம் நிச்சயமானவுடன் மருத்துவரைக் கண்டு மருந்தை மாற்றிக்கொள்வதே முறை. பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் உள்ள பி-12 உயிர்ச்சத்துக் குறைந்தாலும் ஃபோலிக் அமிலம் தன் பணியைச் செவ்வனே செய்ய இயலாது. இத்தனை காரணிகளுள் எளிதாகவும் மலிவாகவும் நீக்கத்தக்கது ஃபோலிக் சத்துக் குறைவே. அதனாலேயே அதற்கு முதலிடம். கிரகணம் இப்பட்டியலில் இல்லை. பெற்றவளின் பாவமும் இல்லை.

நமக்குரிய கடமை

நம் வட்டாரத்து நிலத்தில் இச்சத்துக்குப் பஞ்சமில்லை. செஞ்சிச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும் வேர்க்கடலையில் ஃபோலிக் சத்து நிறைந்துள்ளது. கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து ஆகியவற்றிலும் உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் நீரோடு போய்விடும். சமையலில் இச்சிறு கவனம் வேண்டும்.

உணவு மட்டும் போதாது. மகப்பேறு அடையக்கூடிய பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே, கருவின் முதல் மூன்று திங்கள் வரை, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும் என்பதே 2018இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தின் அறிவுரை. முன்னர் ஒருமுறை குறைபட்ட குழந்தையைப் பெற்றவர்க்கு இதனினும் பத்து மடங்கு அளவை மருத்துவர் குறிப்பார். பேறுகாலத்தில் நான்காம் திங்கள் முதல் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை சோகையைப் போக்கும், தாயைக் காக்கும். நரம்புக்குழலுக்கு அது காலம் கடந்த உதவி. நம் மக்களில் பலர் இந்த வேறுபாட்டை அறியார். மசக்கை கண்டபின் மருத்துவமனைக்குப் போனால் போதும் என்பதே வீடுகளில் நிலவும் எண்ணம். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போதே இதனையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

நம் கல்லூரியில் பயிலும் மாணவியர் பலர் சில ஆண்டுகளில் இல்லறம் ஏற்க இருப்பவர். மாணவரும் கணவராகவும் அண்ணன் தம்பியராகவும் இவ்வறிவைச் சுமக்க வேண்டியவரே. ஒரு மாத்திரையின் விலை சில காசுகள். அதனை ஆக்கித் தர ஒரு மனிதர் உடன்பிறந்தாரை இழந்தார், தாயகத்தைப் பிரிந்தார், தம் குழந்தையின் முகத்தைக் காணாமலே வாழ்ந்து முடிந்தார். அவர் உழைப்பின் பயன் உரிய நாளில் உரியவர் கையைச் சேராமற்போனால் அது படித்த நம் குறையே ஆகும். சுப்பாராவுக்குச் சிலை எடுக்க நம்மால் இயலாது. நம் தெருவில் புதிதாக மணமான ஒரு பெண்ணிடம் இந்த இருபத்தெட்டு நாள் செய்தியை எடுத்துச் சொல்ல நம் ஒவ்வொருவராலும் இயலும். அதனைச் செய்வோமாக!